குத்துப்பையும் பக்கத்துக் காம்பராவும்

இன்று ஹட்டனில், குத்துச்சண்டை பழகத் தொங்கவிடுவார்களே, அந்தக் குத்துப்பை ஒன்று வாங்கினேன்.

ஓய்வு பெற்ற ஆசிரியனுக்கு அது எதற்கு என்கிறீர்களா? தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்தில், சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் செல்வராசு, விடியும் முன்பே சவுண்ட் பொக்ஸில் பாட்டுப் போடுகிறார். குறைக்கச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. கோபத்தை எங்காவது இறக்க வேண்டுமே.

கட்டுரைகள் படித்துவிட்டுத்தான் போனேன். பையின் பாரம் நம் எடையில் பாதி இருக்க வேண்டுமாம். தோல் என்றால் எங்கள் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். அதனால் ரெக்சின்.

"யாருக்குங்க சார், பேரனுக்கா?" என்றார் கடைக்காரர்.

"ஆமாங்க."

"எத்தன கிலோ இருப்பாரு?"

என் எடையைச் சொன்னேன்.

"வளர்ற புள்ள, கொஞ்சம் பெருசாவே எடுங்க."

எடுத்தேன்.

நான் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அதை வீடுவரை தூக்கி வந்தவர் செல்வராசுதான். உத்திரத்தில் கட்டித் தொங்கவிட்டும் கொடுத்தார். நன்றி சொன்னேன். பாட்டைப் பற்றிச் சொல்லவில்லை.

அவர் போனதும் ஒரு குத்து விட்டேன். லயத்துக் காம்பராக்களுக்கெல்லாம் ஒரே உத்திரம் என்பதை எந்தக் கட்டுரையும் எழுதவில்லை. அதே உத்திரத்தில் தொங்கிய அவருடைய பொக்ஸ் விழுந்து நொறுங்கியது.

செல்வராசு ஓடி வந்தார். "சார், ஒங்களுக்கு ஒண்ணும் ஆகலையே? நாந்தான் சரியா கட்டல போல. மன்னிச்சிருங்க."

மன்னித்துவிட்டேன்.

நாளை இதைவிடப் பெரிய பொக்ஸ் வாங்கப் போகிறாராம். நீங்கள் படித்தவர், பார்த்து எடுத்துத் தாருங்கள் என்று என்னையும் கூப்பிட்டிருக்கிறார். எப்படி மறுப்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.