கழுத்தின் மூன்றாவது அடுக்கு

மதியம் ஒன்று பத்துக்குத் தனலட்சுமி முதல் தடவை சொன்னார். நேரம் எனக்கு நிச்சயமாகத் தெரியும். பிரஷர் பார்த்துவிட்டு அப்போதுதான் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்திருந்தேன்.

"சிஸ்டர், கழுத்த யாரோ புடிச்சி இறுக்கற மாதிரி இருக்கு."

"ஆபரேஷன் பண்ண கழுத்து, அப்படித்தாம்மா இருக்கும். ரெண்டு நாள்ல சரியாப் போயிடும்."

தலையணையை உயர்த்தி வைத்தேன். பிளாஸ்டரின் ஓரம் பிரிந்திருந்தது. அதன் மேல் இன்னொரு துண்டு ஒட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

தனலட்சுமியும் கணவர் பாண்டுரங்கனும் திருக்கனூரில் விதை, உரக் கடை வைத்திருந்தார்கள். அன்று காலையில்தான் தனலட்சுமிக்குத் தைராய்டு சுரப்பியை முழுவதுமாக எடுத்திருந்தார்கள். வில்லியனூர் பக்கம் நான் வேலை பார்த்த தனியார் மருத்துவமனையில் எங்கள் சர்ஜன் டாக்டர் குணசேகரன். வேலையில் சுத்தமானவர், அவர் கேஸில் ரத்தம் பார்ப்பதே அபூர்வம். நான் பத்தொன்பது வருடம் ஆபரேஷன் தியேட்டரில் சர்ஜனுக்குக் கருவிகள் எடுத்துக் கொடுக்கும் ஸ்க்ரப் நர்ஸாக இருந்து, முழங்கால் ஒத்துழைக்காததால் வார்டுக்கு மாறியவள். உள்ளே கசியும் ரத்தம் வடிவதற்காகக் கழுத்தில் குழாயோடு தொங்கிய டிரெயின் பாட்டிலில் கொஞ்சம்தான் ரத்தம் இருந்தது. விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் தொண்ணூற்றாறு என்று காட்டியது. இந்த இரண்டையும் பார்த்து நிம்மதியாக இருந்துவிட்டேன்.

ஒன்றரை மணிக்குப் பாண்டுரங்கன் ஓடி வந்தார்.

"சிஸ்டர், படுக்க மாட்டேங்குது. எழுந்து குந்திக்கினு மூச்சு வாங்குது. இன்னான்னு வந்து பாருங்க."

தனலட்சுமி கட்டில் விளிம்பில் இரண்டு கைகளையும் ஊன்றி, முகத்தை முன்னால் நீட்டி உட்கார்ந்திருந்தார். மூச்சு உள்ளே போகும்போது மெல்லிய விசில் சத்தம் கேட்டது. பிளாஸ்டரைப் பிய்த்து எடுத்தேன். தையலுக்குக் கீழே கழுத்து உப்பிப் பளபளவென்று இருந்தது. தொட்டால் கல் மாதிரி. உள்ளே ரத்தம் கசிந்து கட்டிப்போயிருந்தது. டிரெயின் குழாயையும் ரத்தக்கட்டி அடைத்துவிட்டதால்தான் பாட்டில் நிறையவில்லை.

என்னோடு டூட்டியில் இருந்த கலா தியேட்டருக்குப் போன் போட்டாள். சர்ஜன் வேறொருவரின் வயிற்றைத் திறந்து வைத்திருந்தார். மயக்க டாக்டரும் அங்கேதான். வார்டில் வேறு டாக்டர் இல்லை.

"உடனே மேல கொண்டாரச் சொல்றாங்க அக்கா. டேபிள் ரெடி பண்றாங்களாம்."

தியேட்டர் முதல் மாடியில். லிஃப்ட் கட்டடத்தின் மறுகோடியில். தனலட்சுமியின் உதடு நீலம் பாய ஆரம்பித்திருந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், குரல் வரவில்லை. கண் மட்டும் என் மேலேயே இருந்தது.

"கலா, தையல் பிரிக்கிற செட்டை எடு. க்ளவ்ஸ் குடு."

"அக்கா, டாக்டர் இல்லாம கை வெக்காதீங்க. ஏதாவது ஆச்சுன்னா நம்ம தலைமேலதான் விடியும்."

"லிஃப்ட் வர்ற வரைக்கும் இவங்க இருக்க மாட்டாங்க. செட்டைக் குடு. ஆக்சிஜனைக் கூட்டு."

பாண்டுரங்கன் என் கையைப் பிடித்தார். "இன்னா பண்றீங்க? கழுத்தப் போய் அறுக்கறீங்களே!"

"போட்ட தையலைத்தான் பிரிக்கிறேன். அவங்க முதுகைத் தாங்கிப் பிடிச்சிக்குங்க."

தோல் தையலை வெட்டினேன். அதையொட்டிக் கீழே இருந்த மெல்லிய தசையின் தையலையும் வெட்டினேன். இரண்டு ஸ்பூன் ரத்தம் வந்தது, அவ்வளவுதான். விசில் சத்தம் குறையவில்லை. என் கை நின்றுவிட்டது. திறந்தும் மூச்சு வரவில்லை.

அப்போது தியேட்டரில் நூறு தடவை பார்த்த அடுக்குகளை ஒவ்வொன்றாக எண்ணினேன். முதலில் தோல். இரண்டாவது அதன் அடியில் பரவியிருக்கும் மெல்லிய தசை. மூன்றாவது, மூச்சுக்குழாயின் முன்னால் வார் மாதிரி மேலும் கீழுமாக ஓடும் தசைகள். தைராய்டை எடுத்த பின் அந்த வார்த்தசைகளை நடுவில் சேர்த்துத் தைத்துத்தான் மூடுவார்கள். ரத்தம் அதற்கும் கீழே, மூச்சுக்குழாயை ஒட்டி அடைபட்டிருந்தது. தோலை மட்டும் திறந்து பயனில்லை.

இரண்டு பக்கமும் மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய்கள் இருக்கின்றன. நடுக்கோட்டில் அப்படிப் பெரியது எதுவும் கிடையாது. கோட்டை விட்டு விலகாமல், வார்த்தசையில் போட்டிருந்த நான்கு முடிச்சுகளையும் ஒவ்வொன்றாக வெட்டி விரலை உள்ளே விட்டேன். ஈரல் துண்டு மாதிரி கறுப்பாக ரத்தக்கட்டி பிதுங்கி வந்தது. இன்னொன்று. பின்னாலேயே புது ரத்தமும் வந்தது.

தனலட்சுமி நீளமாக மூச்சிழுத்தார். அந்தச் சத்தத்தில் பாண்டுரங்கன் விசும்பி அழ ஆரம்பித்தார்.

காயத்தில் காஸ் துணியை வைத்து, மூச்சுக்குழாயை அழுத்தாமல் பிடித்தபடியே கட்டிலோடு மேலே போனேன். டேபிளில் மாற்றும் வரை கையை எடுக்கவில்லை. சுரப்பியின் மேல்முனைக்கு வரும் தமனியின் சிறு கிளையில் நூலால் போட்ட கட்டு நழுவியிருந்தது. மறுபடி கட்டி மூடினார்கள்.

நாலு மணிக்கு டாக்டர் வார்டுக்கு வந்தார்.

"வார்த்தசையையும் திறந்ததாலதான் பொழைச்சாங்க. என் கட்டு நழுவினது என் தப்பு, அதை நான் எழுதிட்டேன்." கேஸ் ஷீட்டைப் புரட்டினார். "மொதல்ல எப்ப கம்ப்ளைன்ட் பண்ணாங்க?"

கலா என்னைப் பார்த்தாள். ஷீட்டில் ஒன்றரை மணிக்கு முன்னால் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ஒன்றரை என்று சொல்லியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

"ஒண்ணு பத்துக்கு சார். நான் பிளாஸ்டரைப் பிரிச்சிப் பாக்கல."

ஷீட்டை என்னிடம் நீட்டினார். "அதையும் எழுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேட்ரன் விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தார், வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்குப் போகும் நாளில் பாண்டுரங்கன் என்னைக் கும்பிட்டார். எனக்கு அது தாங்கவில்லை. தனலட்சுமியிடமே சொன்னேன்: "நீங்க மொதல்ல சொன்னப்பவே நான் பாத்திருக்கணும்மா. உங்க கஷ்டத்துல இருபது நிமிஷம் என்னாலதான்."

அவர் சிரிக்கவில்லை. "நான்தான் சொன்னேனே சிஸ்டர்" என்றார். கம்மிய குரலில், கோபமாகத்தான். கொஞ்சம் கழித்து, "இந்த மனுஷன் கூட சும்மா அலட்டாதன்னாரு" என்று கணவரைக் காட்டிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டார்.

வார்டுகளில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கழுத்து ஆபரேஷன் ஆனவர் இறுக்குகிறது என்று சொன்னால், பாட்டிலையும் கருவியையும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். ஆக்சிஜன் அளவு கடைசியில்தான் இறங்கும். பிளாஸ்டரைப் பிரித்துக் கழுத்தைத் தொட்டுப் பாருங்கள், அப்போதே டாக்டருக்குச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் தெரிவது நோயாளிக்குத்தான். அவர் சொல்கிறார், நாம் நம்ப வேண்டும்.