ஹீட்டர் போச்சு

தங்கதுரை ஜீப் ஓட்டுவதில் கெட்டிக்காரர். பேச்சில்தான் மகா கஞ்சம். நாலு வார்த்தை தேவைப்படும் இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட்டு, மீதியை நாமே புரிந்துகொள்ள வேண்டும் என்று நிற்பார். கேட்பவனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைப் பள்ளிக்குத் தினமும் ஐந்து டீச்சர்களை ஏற்றிப்போவதுதான் அவர் பிழைப்பு. மழைக்காலத்தில் மலையில் வெளியே பனிமூட்டம், உள்ளே இத்தனை பேர் மூச்சு. முன்கண்ணாடி வெளுத்துப்போகும். அதற்குச் சூடான காற்றை ஊதிக் கொடுக்கும் மோட்டார் ஒருநாள் நின்றுவிட்டது.

மெக்கானிக் நவுஷாத்திடம் வண்டியை விட்டார். "ஹீட்டர் போச்சு பாய்" என்றார். டீ குடிக்கப் போய்விட்டார்.

டீசல் மெக்கானிக்குக்கு ஹீட்டர் என்றால் வேறு. காலையில் குளிர்ந்த இன்ஜினைச் சூடாக்கிக் கிளப்பும் ஹீட்டர் பிளக். நவுஷாத் எல்லா பிளக்கையும் மாற்றிவிட்டார். "ஜம்முனு ஆயிடுச்சு, எடுத்துகினு போ" என்றார். தங்கதுரையோ காற்று ஸ்விட்சைக்கூடத் திருகிப் பார்க்கவில்லை.

மறுநாள் டீச்சர்களிடம், "சரியாயிடுச்சுங்க" என்று வேறு சொல்லிவிட்டார். கொண்டை ஊசி வளைவில் கண்ணாடி வெளுத்தது. ஸ்விட்சைத் திருகினார். காற்றே இல்லை. எதிரே திடீரென்று பஸ் ஹாரன். ஸ்டியரிங்கை ஒடித்ததில் ஜீப்பின் சக்கரம் ஓரக் கால்வாயில் இறங்கியது. யாருக்கும் அடியில்லை.

விஜயலட்சுமி டீச்சர் சீறினார். "சரியாயிடுச்சுன்னு சொன்னீங்களே! இன்னா தைரியத்துல எங்கள ஏத்திகினு வந்தீங்க? வூட்ல எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குதுங்க!"

தங்கதுரை வாயைத் திறந்து விளக்கியிருக்கலாம். "ஹீட்டர் மாத்துனேங்க" என்றார். அவ்வளவுதான்.

அன்று மாலை கடையில் நவுஷாத் எகிறினார். "எந்த ஹீட்டர்னு சொன்னியா நீ? கண்ணாடிக்குக் காத்து வரலன்னு சொன்னா வாய் வலிக்குமா?"

"நீ கேட்டியா பாய்?"

நவுஷாத் வேலையில் இறங்கினார். ஃபியூஸ் நன்றாக இருந்தது. பேட்டரியிலிருந்து நேராக ஒயர் கொடுத்தும் மோட்டார் அசையவில்லை. டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து கழற்றினால், விசிறி முழுக்கச் சாமை வைக்கோலும் எலிப்புழுக்கையும். பள்ளி விடும்வரை ஜீப் நிற்பது சாமை அடிக்கும் களத்தோரம். எலி குடித்தனமே நடத்தியிருந்தது. சுற்ற முடியாமல் மோட்டார் கருகிப்போயிருந்தது. புது மோட்டார் போட்டதும் குப்பென்று காற்று வந்தது. இந்த முறை தங்கதுரை ஸ்விட்சைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தார்.

மறுநாள் காலை டீச்சர்கள் ஏறும் இடத்தில் யாரும் இல்லை. வழியில் கச்சிராயபாளையத்தில் நிற்பார்களோ என்று வண்டியை விரட்டினார். அங்கும் இல்லை. பள்ளிக்கே போய்ச் சொல்லிவிடலாம் என்று மலை ஏறினார். காலி ஜீப்பில் சத்தமாகப் பேசிப் பார்த்துக்கொண்டார். "டீச்சர், தப்பு என்னுதுதாங்க. அது வேற ஹீட்டர், இது வேறங்க. மோட்டார்ல எலி கூடு கட்டிடுச்சு. இப்ப புதுசு போட்டாச்சுங்க." ஆயுசில் அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது அதுதான்.

பனிமூட்டம் இறங்கியது. ஸ்விட்சைத் திருகினார். கண்ணாடி பளிச்சென்று ஆனது. முன்னால் வெள்ளிமலை பஸ் ஏறிக்கொண்டிருந்தது. அதன் பின்சீட்டில் ஐந்து டீச்சர்களும் உட்கார்ந்திருப்பது நன்றாகத் தெரிந்தது.