பன்விலவில் ஒரு பழைய மிளகுக் கொடியைத் தேடி

போன மாதம், மழை விட்ட ஒரு சனிக்கிழமை, நானும் என் நானாவும் (அண்ணனை நாங்கள் நானா என்போம்) எங்கள் ஊர் மடவளையிலிருந்து பன்விலவுக்குப் போனோம். சுற்றிப் பார்க்க அல்ல. நானாவின் மிளகுத் தோட்டம் வேரழுகி முக்கால்வாசி செத்துப்போய்விட்டது. பன்விலப் பக்கம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயத்துக்குப் பின்னால், பறவை போட்ட விதையில் முளைத்த பழைய கொடி ஒன்று இருப்பதாகவும், பக்கத்தில் எல்லாம் அழுகியபோதும் அது மட்டும் பச்சையாக நின்றதாகவும் மிளகு வாங்க வரும் வியாபாரி சொல்லியிருந்தார். நானாவுக்கு மிஞ்சியிருந்த ஒரே நம்பிக்கை அதுதான்.

போகிறவர்களுக்கு: வத்தேகமவுக்கு ஒரு பஸ், அங்கே இறங்கிப் பன்விலவுக்கு இன்னொன்று. இரண்டாவது பயணம் சுமார் பத்து கிலோமீட்டர்தான். ஆனாலும் அந்த வளைவுகளுக்கு வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். பன்விலவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு ஓட்டோ அறுநூறு ரூபாய். நானா மடியில் ஈரச் சாக்கையும் கத்தியையும் வைத்துக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிறவர் மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

"ஒன்டு தப்பினா மத்ததெல்லாம் என்னத்துக்குத் தப்பல்ல?" என்று பஸ்ஸில் கேட்டார். நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவள். வாய் சும்மா இருக்குமா?

எங்கள் பக்கத்தில் யாரும் விதை போட்டு மிளகு வளர்ப்பதில்லை. நன்றாகக் காய்க்கும் கொடியில் துண்டு வெட்டி நடுவோம். அந்தத் துண்டு தாய்க்கொடியின் அச்சு அசல். எங்கள் வாப்பாவின் கொடிக்கு ஊரெல்லாம் பெயர். யார் வீட்டுக் கலியாணமென்றாலும் ஈரச் சாக்கில் சுற்றிப் பத்துத் துண்டு கொடுத்தனுப்புவார். கேட்டவர்களுக்கு இல்லையென்று சொன்னதே கிடையாது. வாங்கியவர்கள் தங்கள் சம்பந்திகளுக்குக் கொடுத்தார்கள். கடைசியில் எத்தனையோ தோட்டங்களில் நிற்பது ஒரே கொடி. ஒன்றைக் கொல்லும் நோய் எல்லாவற்றையும் கொல்லும்.

இந்த நோயைத் தாங்கும் குணமோ ஒரே மரபணுவில் உட்கார்ந்திருப்பதில்லை. மனிதரின் உயரம் மாதிரி, பல மரபணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கைகொடுத்தால்தான் வரும். அத்தனையும் ஒரே விதையில் வந்து சேர்வது பெரிய அதிர்ஷ்டம். அப்படிச் சேர்ந்ததைத் தொலைத்தால் திரும்ப எங்கே போய்த் தேடுவது? இதையெல்லாம் கேட்டுவிட்டு நானா, "அப்ப கெதியாப் போவம்" என்றார், பஸ்ஸை ஏதோ நான்தான் ஓட்டுகிற மாதிரி.

லயத்தில் சரஸ்வதி அக்கா எங்களை வாசலுக்கே வந்து வரவேற்றார். கொழுந்து பறிக்கிறவர், பின்பக்கத் தோட்டம் அவருடையது. விஷயத்தைச் சொன்னோம்.

"அந்தக் கொடியா? ஐயோ, அத புடுங்கிப் போட்டுட்டோமேங்க! காயும் சின்னது, காய்ப்பும் இல்ல. மக கல்யாணத்துக்கு கெலிஓயா சம்பந்தி வீட்டுல நல்ல கொடி குடுத்தாங்க. மடவளைக் கொடின்னு சொன்னாங்க. அதத்தான் நட்டோம்."

பின்பக்கம் போய்ப் பார்த்தோம். பலாமரப் பட்டையில் பழைய கொடியின் காய்ந்த வேர்கள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன. அடியில் புதுக் கொடிகள் மஞ்சளாகி இலை கொட்டிக்கொண்டிருந்தன. நானா ஒரு காய்க்கொத்தைக் கையில் ஏந்திப் பார்த்தார்.

"தங்கச்சி, இது வாப்பாட கொடி."

அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். நான் பட்டையை நகத்தால் கீறிப் பார்த்தேன், எங்காவது ஒரு பச்சை மிஞ்சியிருக்காதா என்று. ஒன்றுமில்லை.

மிளகு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் தோட்டத்தில் காய்க்காத, யாரும் மதிக்காத கொடி ஒன்று நின்றால் பிடுங்காதீர்கள். அதற்குள் என்ன இருக்கிறதென்று வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பன்விலவுக்குப் போவதானால் அட்டைக்கு உப்பு கொண்டுபோங்கள், பின்னேர மழைக்கு முன் திரும்பிவிடுங்கள்.

நாங்கள் கிளம்பும்போது சரஸ்வதி அக்கா ஓடிவந்தார். "இவ்வளவு தூரம் வந்துட்டு வெறுங்கையோட போகக் கூடாதுங்க" என்று, இருந்ததிலேயே பச்சையான கொடியில் பத்துத் துண்டு வெட்டி எங்கள் சாக்கிலேயே சுற்றிக் கொடுத்தார். நானா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வாப்பாவின் மகன் வேறு என்ன செய்வார்?

நோய் பிடித்த தோட்டத்துத் துண்டு, நட்டாலும் சாகும், எரித்துவிடுங்கள் என்று வழியெல்லாம் சொன்னேன். தலையாட்டினார். மறுநாள் காலை போய்ப் பார்த்தால், பத்தையும் நட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார்.