கோணல் மூலைமட்டம்

தச்சர்கள் செங்கோணம் பார்க்கும் பழைய மூலைமட்டங்களைச் சேர்ப்பவன் நான். திருத்தங்கல் பழைய இரும்புக் கடையில் அன்று நல்ல சரக்கு ஒன்று கிடைத்தது. ஈட்டி மரப் பிடி, ஓரத்தில் பித்தளைத் தகடு, மூன்று ஆணிகளில் ஒன்று மட்டும் இரும்பு.

"சார், அதக் கொஞ்சம் குடுங்க" என்றார் பக்கத்தில் நின்ற ஒல்லியான ஆசாரி. காதில் பென்சில். எந்த மட்டத்தையும் சோதிக்காமல் விடமாட்டார் போலிருக்கிறது. பலகை விளிம்பில் பிடியை வைத்து ஒரு கோடு போட்டார். மட்டத்தைப் புரட்டி, அதே இடத்திலிருந்து இன்னொன்று. ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டிய கோடுகள் போகப் போக விலகின.

"கோணலா இருக்கே" என்றேன்.

"என்னோடதுதான் சார். இரும்பாணி நான் அடிச்சது. எவனோ தட்டிக் கோணலாக்கிட்டான். தெரியாம இத வச்சு மண்டபத்துக்குக் கதவு செஞ்சேன். ஒண்ணுகூட மூடல, ஊரே சிரிச்சுச்சு. மறுநாள் மட்டத்தையே காணோம்."

கடைக்காரரைப் பார்த்தார். "இது எங்கன இருந்து வந்துச்சு?"

"அச்சங்குளத்து காண்ட்ராக்டர் வீடு. அப்ப உங்ககூட வேலை பாத்தவருதான். பழச இடிச்சுட்டுப் புது வீடு கட்டுறாகள்ல."

ஆசாரி கோபப்படவில்லை. மட்டத்தை வேட்டியில் நிதானமாகத் துடைத்தார்.

"வாசல் நிலையும் கதவும் எனக்குத்தான் ஆர்டர்."

"இதச் சரிபண்ணிரலாமே?" என்றேன்.

"வேண்டாம் சார். அவன் பண்ணுன மாதிரியே இருக்கட்டும். இத வச்சுத்தான் செய்யணும்."

அச்சங்குளம் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்தப் புது வீட்டைப் பார்க்கிறேன். கதவு திறந்தே கிடக்கிறது. காற்றுக்காகத் திறந்து வைத்திருக்கலாம். மூட முடியாமல்தான் கிடக்க வேண்டும் என்று மனசு சொல்கிறது.