எலி கடிக்காத பாவு

ஊர் ஊராகப் போய் மன்னிப்பைப் பற்றிப் பேசிய வாய் இது. சேத்துப்பட்டுச் சந்தையிலும் தேசூர்க் குளக்கரையிலும் பெண்களை உட்காரவைத்து, இயேசு எப்பேர்ப்பட்டவரையும் மன்னிப்பார் என்று சொன்னேன். கேட்டவர்கள் அழுதார்கள். சொந்த வீட்டில், இருமி இருமிக் கூடாகிப்போன என் புருஷனிடம் மட்டும் அந்தப் பேச்சு எடுபடவில்லை. எடுத்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். அதற்குக் காரணம் நான்தான். வெட்கங்கெட்டவள், ஆறு வருஷம் அதை மறைத்தேன்.

பஞ்சம் தீர்ந்து ஆரணிப் பக்கம் மறுபடி தறிச்சத்தம் கேட்கத் தொடங்கிய காலம். முள்ளிப்பட்டில் எங்களுக்கு ஒரே வீட்டில் இரண்டு குழித்தறிகள். ஒன்றில் என் புருஷன் நெய்தார், மற்றதில் கொழுந்தன். கொழுந்தனும் அவன் பெண்டாட்டியும் கிறிஸ்து வேதத்தில் சேர்ந்தார்கள். என் புருஷன் எரிந்து விழுந்தார்; ஒரு வீட்டுக்குள் இரண்டு அடுப்பாயிற்று. அப்படியிருக்க, நூல் கொடுத்து நெய்யவைக்கும் முதலாளி, கல்யாணப் புடவைக்கு நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளை அவர்கள் தறிக்கே கொடுத்தார். எனக்கு வயிறு எரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் ஜெபத்துக்குப் போன பிறகு, கத்தியை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பாவில் ஒரு கைப்பிடி இழைகளை அறுத்துவிட்டேன். பெற்ற பிள்ளையை அடித்தாலும் அடிப்போம், பாவில் கத்தி வைக்க மாட்டோம். அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்தவள் நான்.

ஓரகத்தி வந்து பார்த்தாள். எலி கடித்தால் இழைமுனை பிசிறு பிசிறாக இருக்கும். கத்தி பட்டால் சீராக இருக்கும். தறிவீட்டில் இது தெரியாதவர் யார்? அப்படியும் அவள், "எலி கடிச்சிருக்குது" என்றாள். கொழுந்தன் திரும்பித் தன் அண்ணனைப் பார்த்தான்.

அறுந்த இழைகளைப் பிணைக்க இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி இழையை எடுத்துக் கொடுக்க, மற்றவள் விரலில் சாம்பல் தொட்டு முனையோடு முனையை முறுக்குவாள். அவள் என்னைத்தான் கூப்பிட்டாள்.

"எதிர்ல ஒக்காந்து எடுத்துக் குடுங்கக்கா."

மத்தியானம்போல அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். என் வளையல் விரிசலில் சிக்கியிருந்த அரக்குப் பட்டிழை ஒன்றை மெல்ல உருவினாள். கத்தி பட்ட அதன் முனையைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

"எனக்கு ஒங்க மேல கோவம் இல்லக்கா. என்னை மன்னிச்சவரு ஒங்களையும் மன்னிப்பாரு. ஒங்க வூட்டுக்காரருகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நீங்க சொல்ற வரைக்கும் நான் வாயத் தெறக்க மாட்டேன்."

அடித்திருந்தால் திருப்பி அடித்திருப்பேன். அவளோ அந்த இழையையும் சாம்பல் தொட்டுப் பிணைத்துக்கொண்டிருந்தாள். நான் உடைந்துபோனேன். அவள் கும்பிடுகிறவரைத் தேடி நானும் போனேன். அடுத்த வருஷம் ஞானஸ்நானம் வாங்கினேன். புருஷனிடம் சொல்லத்தான் நாக்கு எழவில்லை.

ஏனென்றால், பாவு அறுந்த அதே வாரம் கொழுந்தன் தெருவார் முன்னால் அவர் காலைத் தொட்டு, "ஒன்ன மன்னிச்சிட்டேண்ணா" என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான். அவர், "நான் அறுக்கலடா" என்று கத்தினார். கத்தக் கத்த ஜனங்களுக்கு இருந்த சந்தேகமும் தீர்ந்துபோயிற்று. அன்றோடு கொழுந்தன் தனிக்குடித்தனம் போனான். காலையில் தெருவில் பாவு நீட்டும்போது ஒரு முனையைப் பிடிக்கக்கூட என் புருஷனை யாரும் கூப்பிடவில்லை. வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்துவிடுவார். நான் பைபிளைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றினேன்.

ஆறாம் வருஷம் மார்கழியில் ஒரு காலை அவர் ரத்தமாக இருமினார். வைத்தியர் கையை விரித்துவிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கெஞ்சினேன்.

"ஆண்டவரு மன்னிக்கிறவருங்க. ஒரு தடவ கேளுங்களேன்."

"பேஜார் பண்ணாத. செய்யாததுக்கு வாங்கிகின மன்னிப்பே போதும்."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"நான்தாங்க அறுத்தேன்."

சுவர்ப்பக்கமிருந்து என் பக்கம் திரும்பினார். "தம்பிக்குத் தெரியுமா?"

"அவருக்குத் தெரியாது. அவரு பொண்டாட்டிக்குத் தெரியும். அன்னிக்கே மன்னிச்சிட்டா."

"அத வச்சிகினுதான் ஊர் ஊராப் போய்ப் பேசிகினு இருந்தியா?"

காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். இழுத்துக்கொள்ள அவருக்குப் பலமில்லை.

"போய் அவனக் கூட்டியா, ஜல்தி. அவன் குடுத்த மன்னிப்பு என்னிது இல்ல. அத அவன் திருப்பி வாங்கிக்கணும்."

ஓடினேன். தெருக்கோடியில் பாவு நீட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு முனையைக் கொழுந்தன் பிடித்திருந்தான். அத்தனை பேர் காதிலும் விழ, "அன்னிக்கு அறுத்தது நான்தான், அவரு இல்ல" என்று சொன்னேன். அவன் முனையைக் கீழே போட்டுவிட்டு ஓடினான். பாவு புழுதியில் விழுந்தது. நான் பின்னால் ஓடினேன்.

நாங்கள் போனபோது அவர் கண் திறந்தபடி இருந்தது; மூச்சு இல்லை.

கொழுந்தன் மறுபடி அவர் காலைப் பிடித்தான். "என்னை மன்னிச்சிடுண்ணா" என்றான். திரும்பத் திரும்ப அதையே சொன்னான். நானும் இன்னொரு காலைப் பிடித்துக்கொண்டு அதையே சொன்னேன். ஆண்டவர் என்னை மன்னித்தார் என்று அன்றும் விசுவாசித்தேன், இன்றும் விசுவாசிக்கிறேன். இவர் மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது.