உதோமுக்கு ஒரு குழம்பு

தாய்லாந்தின் உபோன் நகரப் பேருந்து நிலையத்தில் கோழி சுட்டு விற்பவள் சாய்தோங். மேகோங் ஆற்றைத் தாண்டி, லாவோஸில் இருக்கும் லுவாங் பிரபாங் அரண்மனையின் சிம்மாசனத்தைப் பார்க்க வேண்டும் என்பது அவள் கணவன் உதோமின் ஆசை. அது நிறைவேறாமலே போன மழைக்காலத்தில் அவன் கண்ணை மூடிவிட்டான். அவனுக்காக அவள் அக்கம்பக்கத்தாரோடு வேன் ஏறினாள்.

தங்கிய விடுதியின் அடுப்பில் அவனுக்குப் பிடித்த மூங்கில் குருத்துக் குழம்பை வைத்தாள். பிக்குகள் உண்டால் அது அவனுக்குப் போய்ச் சேரும்.

விடியலில் பிக்குகள் பிச்சை ஏற்க வரிசையாக வந்தார்கள். சோற்றை இட்டுவிட்டு, ஊரில் செய்வதுபோலவே குழம்புத் தூக்கையும் நீட்டினாள். பக்கத்திலிருந்த உள்ளூர்க்காரி கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இங்க திருவோட்டுல சோறு மட்டும்தான்க்கா. குழம்பை மதியச் சாப்பாட்டுக்குக் கோயிலுக்கே கொண்டு போங்க. அவங்க சாப்பிட ஆரம்பிச்சுட்டா அப்புறம் எதையும் வாங்க மாட்டாங்க."

அரண்மனை வாசலிலோ கூட்டம் நகரவே இல்லை. வெயில் ஏறியது.

"அரண்மனையா, குழம்பா? ஒண்ணைச் சொல்லுடி," என்றாள் பக்கத்து வீட்டு லம்பான்.

"ரெண்டும்தான். அந்த மனுஷன் என்னிக்கு ஒண்ணோட நிறுத்தினாரு?"

சாப்பாட்டுச் சாமான் உள்ளே போகக் கூடாது என்று காவலாளி தூக்கை வாங்கி வைத்துக்கொண்டான். மூடியைத் திறந்து மோந்து பார்த்தான்.

"சீக்கிரம் வந்துருங்கம்மா. இல்லேன்னா நானே மொட்டை போட்டு பிக்கு ஆயிடுவேன்!"

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். சிவந்த சுவரெங்கும் கண்ணாடிச் சில்லுகள் மின்னின. பொன் சிம்மாசனத்தின் முன்னால் நின்று, "பார்த்துக்கய்யா," என்று முணுமுணுத்தாள். மற்றவர்கள் அடுத்த அறைக்குப் போக, அவள் வெளியே பாய்ந்து தூக்கைப் பறித்துக்கொண்டு ஓடினாள். பாவாடையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகியிருந்தாள். வழியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள், சிரிக்கட்டும்.

கோயிலுக்குள் நுழைந்தபோது பிக்குகள் பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள். முதியவர் சோற்றில் கை வைக்கப்போனார்.

"சாமீ, கொஞ்சம் இருங்க!"

அவர் கை நின்றது. பெண் கையிலிருந்து நேரே வாங்கலாகாது. மஞ்சள் துணியை அவள் முன் விரித்தார். அதன்மேல் தூக்கை வைத்தாள். முதல் கரண்டி அவர் சோற்றில் விழுந்தது. இளம் பிக்கு ஒருவர் இரண்டாம் முறையும் ஊற்றிக்கொண்டார். முதியவர் தூக்கைச் சாய்த்து அடியில் கிடந்த குருத்தையும் வழித்தார்.

புண்ணியம் அவனைச் சேரட்டும் என்று உதோம் பெயரைச் சொல்லி, கிண்ணத்தில் நீர் வார்த்து அரசமரத்தடியில் ஊற்றினாள். மூச்சு வாங்க வந்துசேர்ந்த லம்பானிடம் காலித் தூக்கைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள்.

"சொட்டு மிச்சமில்ல பாரு. நல்லாச் சாப்பிட்டுட்டாரு!"