அண்ணியின் ஐந்தாவது காளான்

எங்கள் வீட்டுக் கூடத்து அலமாரியில், பிள்ளைகள் ஓட்டப் பந்தயத்தில் வாங்கிய கோப்பைகளுக்கு நடுவே ஒரு பழுப்பு மரக்காளான் இருக்கிறது. உள்ளங்கை அகலத்தில் அரைவட்டம், பலகைபோலக் கெட்டி. வருகிறவர்கள் இது என்னவென்று கேட்டால், என் நாத்தனார் கொடுத்த சீர் என்பேன். சிரிப்பார்கள். நான் கெடுத்த பொருளை எனக்கே சீராகக் கொடுத்துவிட்டுப் போன கதை அவர்களுக்குத் தெரியாது.

மலாயா சுதந்திரம் வாங்குவதற்குச் சில மாதங்கள் முன்பு கல்யாணமாகி மலாக்காவில் காஜா பேராங்குக்கு வந்தேன். வீட்டில் என் கணவர், அவருடைய அக்கா, நான், மூன்றே பேர். அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். முப்பதைத் தாண்டியும் கல்யாணம் வேண்டாம் என்றிருந்தவர். ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. தம்பி வீட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறாள் என்று அக்கம்பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. அது அவர் காதிலும் விழும், கண்டுகொள்ள மாட்டார். கொஞ்ச நாளிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, அவருக்கு வேறு கவலை. காளான் கவலை.

சமைக்கிற காளான் இல்லை. காளானின்மேல் வளரும் காளான். அப்படியும் ஒன்று இருக்குமா என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். ஞாயிறுதோறும் பஸ் ஏறி ஆயர் குரோ காட்டுக்குப் போய், பிஸ்கட் டின்னில் எதையாவது கொண்டுவருவார். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்காகப் போட்ட அவசரகாலக் கெடுபிடி மலாக்கா பக்கம் தளர்ந்துவிட்டதால் காட்டுக்குப் போக முடிந்தது. ஆனாலும் மூடி போட்ட டின்னோடு ஒரு பெண் காட்டைப் பார்த்து நடந்தால் போலீஸ்காரர் சும்மா விடுவாரா? திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு மூடச் சொல்வாராம்.

ஒருநாள் என்னைப் பூதக்கண்ணாடி வழியாகப் பார்க்க வைத்தார். மெல்லிய குடைக்காளான் ஒன்று. அதன் தலைமேல் குண்டூசிகளைக் குத்திவைத்ததுபோல நரை நரையாக இன்னொன்று நின்றது. "இதுல பல சாதி இருக்கு புள்ள. சிலது கீழ இருக்கறத தின்னும். சிலது சும்மா உட்கார்ந்திருக்கும். சிலது அது செத்த பிறகுதான் வரும். எது எப்படின்னு யாருக்கும் இன்னும் சரியாத் தெரியாது" என்றார். பக்கத்து வீட்டுப் பேச்சுக்கும் அதுவே பதில் என்று எனக்குத் தோன்றியது.

வெள்ளைக்காரர்கள் ஊர் திரும்பிக்கொண்டிருந்த நேரம் அது. கோலாலம்பூரில் செடிகொடிகளைக் காயவைத்துச் சேர்த்துவைக்கும் அலுவலகம் ஒன்றில் உதவியாளர் வேலைக்கு உள்ளூர் ஆட்களைக் கேட்டிருந்தார்கள். கிடைத்த இடம், எதன்மேல் வளர்ந்தது, கண்டவர் யார் என்ற குறிப்போடு ஐந்து மாதிரிகள் அனுப்ப வேண்டும். திங்கட்கிழமைக்குள் தபாலில் சேர்க்க வேண்டும். அண்ணியிடம் நான்கு தயாராகக் காகிதப் பொட்டலத்தில் இருந்தன. ஐந்தாவது மாதிரி, வியாழக்கிழமை பள்ளி விட்டதும் காட்டுக்குப் போனபோதுதான் கிடைத்தது: ஒரு மரக்காளான், அதன் அடிப்பக்கம் முழுக்க ஆரஞ்சு நிறத்தில் ஏதோ படர்ந்திருந்தது. ஈரம் போகட்டும் என்று அடுப்புக்கு மேலிருந்த பலகையில் வைத்துவிட்டு, மறுநாள் காலை பள்ளிக்குப் போய்விட்டார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. புதுப்பெண் வேறு. விளக்கேற்றும் முன் வீட்டைக் கழுவித் துடைக்கிற வேகத்தில் அடுப்படிப் பலகைக்கு வந்தேன். பாவம், அண்ணியின் காளானில் பூசணம் பிடித்துவிட்டதே என்று பதறி, தேங்காய் நாரால் தேய்த்தேன். ரவை ரவையாக உதிர்ந்தது. ஈரத்துணியால் துடைத்து, முறத்தில் வைத்து வெயிலில் காயவைத்தேன். பாராட்டுவார் என்று காத்திருந்தேன் என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன்.

அண்ணி வந்தார். முறத்தைப் பார்த்தார். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"தொடச்ச துணி எங்க?"

"தோச்சுட்டேன் அண்ணி."

"சவுக்காரம் போட்டியா?"

"ரெண்டு தடவ."

கொடியில் தொங்கிய துணியைப் பூதக்கண்ணாடியால் ஒரு சுற்றுப் பார்த்தார். பளிச்சென்று இருந்தது. "நல்லாத்தான் வெளுத்திருக்க" என்றார். அவ்வளவுதான். சாயங்காலம் காப்பி வேண்டாம் என்றார். திட்டியிருந்தால் நிம்மதியாக அழுதிருப்பேன்.

சனிக்கிழமை முழுக்க மழை. ஞாயிறு காலை அவர் டின்னை எடுத்தபோது நானும் செருப்பை மாட்டிக்கொண்டேன். அட்டை கடிக்கும் என்று மட்டும் சொன்னார்.

காட்டுக்குள் அன்றைக்குத்தான் நான் முதல்முறை கால் வைத்தேன். விழுந்த மரம் ஒவ்வொன்றின் அருகிலும் அண்ணி குனிவார், குப்புறப் படுத்தும் பார்ப்பார். கறுப்பாய்ப் பொருக்குத் தட்டிய காளான்மேல் சவ்வரிசிக் கஞ்சிபோல ஒன்று. அழுகிய குடைக்காளான்மேல் வெள்ளைப் பொடியாக ஒன்று. அவையெல்லாம் ஏற்கெனவே பொட்டலத்தில் இருந்த வகைகள்தாம். மத்தியானம் ஆகியும் ஆரஞ்சு நிறம் எங்கும் இல்லை. காட்டின் இருட்டில் எல்லாக் காளானின் அடிப்பக்கமும் ஒன்றுபோலவே இருந்தது.

அப்போதுதான் எனக்கு ஓர் எண்ணம் வந்தது. கண்ணுக்குத் தெரியாவிட்டால் என்ன, என் விரலுக்குத் தெரியுமே! தேய்த்தவள் நான்தானே. மரக்காளான்களின் அடியில் விரலை மெல்ல ஓட்டிக்கொண்டே போனேன். வழவழப்பு, வழவழப்பு, மறுபடியும் வழவழப்பு. ஆற்றோரம் சாய்ந்து கிடந்த மரத்தில், கடைசிக்கு முந்திய காளானில், ரவை.

"அண்ணி!" என்று நான் கத்தியதில் எங்கோ குரங்குகள் ஓடின. அவர் வந்து, குனிந்து பார்த்தார். எழுந்து என் தலையைத் தம் தோளில் சாய்த்துக்கொண்டார். இரண்டு நாளாக அடக்கிய அழுகை அங்கேதான் வந்தது.

இரவு குறிப்பு எழுதும்போது, கண்டவர் என்ற இடத்தில் 'என் தம்பி மனைவி' என்று எழுதினார். உங்கள் பெயரையே எழுதுங்கள், வேலை போய்விடும் என்று கெஞ்சினேன். "நீ பாத்தத நான் பாத்தேன்னு எழுதினா, அப்புறம் மத்த நாலயும் யாரு நம்பறது?" என்றார். வேலை கிடைத்தது. சுதந்திரக் கொண்டாட்டத்துக்குக் கட்டிய தோரணங்கள் தெருவில் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில் அவரை ரயிலேற்றக் கிளம்பினோம். நான் துடைத்த காளானை என் கையில் வைத்து, "பத்திரமா வெச்சிரு. சுத்தமாவும் வெச்சிரு" என்று கண்ணடித்தார். கோலாலம்பூரில் ஓய்வு பெறும்வரை அதே அலுவலகம்தான். இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார். முழங்கால் வலி என்று அங்கேயே இருக்கிறார், மலாக்கா பக்கம் வந்தே நான்கு வருஷமாகிறது. எனக்கு அந்தக் குறை உண்டு.

போன வாரம் அடைமழை. வெள்ளிக்கிழமை அலமாரியைத் துடைக்கப் போனவள், காளானைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் ஓர் ஓரத்தில் இளம் பச்சையாக, ஒரு காசு அளவுக்கு ஏதோ படர்ந்திருந்தது. பழக்கத்தில் கை துணியோடு போய்விட்டது. பாதியில் நின்றது. போய் அண்ணிக்குப் போன் போட்டேன்.

"அண்ணி, உங்க காளான்மேல என்னமோ வளந்திருக்கு."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம். பிறகு, "தொடச்சிட்டியா?"

"இல்ல அண்ணி."

"தொடாத. காலைல மொத பஸ்ஸுக்கு வர்றேன்" என்றார்.